முக்கோணத்துக்கு அளவெடுத்துத் தைத்த பை

நீங்கள் கேட்டது இது: உங்கள் சைக்கிளின் ஃபிரேம் சிறியது. கடையில் வாங்கிய இரண்டு பைகளில் ஒன்று தண்ணீர் பாட்டிலை இடித்தது, மற்றொன்று முழங்காலை உரசியது. வீட்டில் அம்மாவின் கால் மிஷின் இருக்கிறது. ஃபிரேமுக்குள் அடங்கும் பையை நீங்களே தைத்துக்கொள்ள முடியுமா, என்ன துணி வாங்க வேண்டும், மழைக்குத் தாங்குமா?

முடியும். கால் மிஷினே போதும். ஆனால் மிஷினின் மூடியைத் திறப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பை பொருந்துவதும் பொருந்தாமல் போவதும் தையலில் இல்லை, அட்டையில் இருக்கிறது. என் முதல் பைக்கு அளவெடுக்க அரை மணி நேரம் செலவிட்டேன், தைக்க நான்கு இரவுகள் பிடித்தன. அதன் தையலில் இன்றுவரை ஒரு நூல் பிரியவில்லை. பைதான் ஃபிரேமுக்குள் நுழையவில்லை. இப்போதெல்லாம் ஒரு முழு மாலையை அட்டைக்கே கொடுத்துவிடுகிறேன். தையல் ஒரு பகலில் முடிகிறது.

பெயர்களை முதலில் பேசி வைத்துக்கொள்வோம். சீட்டின் கீழிருந்து ஹேண்டில்பார் பக்கம் போகும் மேல் குழாயை நம் ஊரில் பார் என்கிறோம்; அந்தச் சொல்லே போதும். பெடல் அச்சிலிருந்து முன்பக்கம் சாய்ந்து ஏறுவதைக் கீழ்க்குழாய் என்றும், சீட்டைத் தாங்கி நிற்பதைச் சீட் குழாய் என்றும் சொல்கிறேன். இந்த மூன்றுக்கும் நடுவே உள்ள வெளியை நம்மில் பலர் முதலில் தெரிந்துகொண்டது காலால்தான். சீட் எட்டாத வயதில் அப்பாவின் பெரிய சைக்கிளில் அந்த இடைவெளிக்குள் ஒரு காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டவர்களுக்கு அந்த முக்கோணத்தின் அளவு இன்னும் முழங்காலில் நினைவிருக்கும்.

அந்த இடத்தில் சுமை வைப்பது புதிய யோசனை இல்லை. 1897-இல் அமெரிக்க ராணுவத்தின் 25-ஆவது காலாட்படையைச் சேர்ந்த கறுப்பினச் சிப்பாய்கள் இருபது பேர், மொன்டானா மாநிலத்தின் மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ் நகரம் வரை ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் சைக்கிளிலேயே போனார்கள். அவர்கள் ஃபிரேமின் முக்கோணத்துக்குள் கெட்டியான தோல் பெட்டி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. சுவிட்சர்லாந்து ராணுவம் 1905-இல் ஏற்றுக்கொண்ட சைக்கிளிலும் அதே இடத்தில் ஒரு பெட்டி உண்டு. இன்று நாம் பார்க்கும் துணிப்பை, அலாஸ்காவின் பனிப்பாதைகளில் பல நாள் ஓட்டும் போட்டியாளர்கள் வழியாகப் பரவியது. ஆள் ஒருவர் நடக்கும் அகலமே உள்ள பனித்தடத்தில் பக்கவாட்டில் தொங்கும் பைகள் உதவாது. அதனால் சுமையைச் சைக்கிளின் நடுக்கோட்டுக்குள் ஒடுக்கினார்கள். நமக்குப் பனி இல்லை. ஆனாலும் அதே பலன்தான். எடை இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே தாழ்வாக உட்காருவதால் மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது சைக்கிள் இடமும் வலமும் இழுப்பதில்லை. முதுகில் பை இல்லாததால் சட்டை நனைந்து ஒட்டுவதும் இல்லை.

இனி வடிவம். முக்கோணம் முழுவதையும் நிரப்பும் பை, பாரை ஒட்டி மேல்பாதியை மட்டும் பிடிக்கும் பை என்று இரண்டு வழி உண்டு. நம் வெயிலுக்கு அரைப்பைதான் என் தேர்வு. காலை ஒன்பது மணிக்கே தொண்டை வறளும் ஊரில் பாட்டிலை எடுக்கக் கை நேராகப் போக வேண்டும். முழுப்பை தைத்தால் பாட்டில்கள் ஃபோர்க்குக்கோ ஹேண்டில்பாருக்கோ இடம் மாற வேண்டியிருக்கும். கொள்ளளவைப் பார்த்து மயங்காதீர்கள். 45 செ.மீ. நீளம், சராசரி 10 செ.மீ. ஆழம், 6 செ.மீ. அகலம் கொண்ட அரைப்பைக்குள் 2.7 லிட்டர் அடங்கும். இரண்டு டியூப், பம்பு, பஞ்சர் சாமான், பவர் பேங்க், மெல்லிய மழைச்சட்டை, கடலை மிட்டாய் இரண்டு பொட்டலம் எல்லாம் அதற்குள் போய்விடும். முழு முக்கோணம் ஆறு லிட்டரைத் தொடும். அது பல நாள் பயணத்துக்குத்தான் தேவை.

அளவெடுப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பலரும் ஃபிரேமின் பக்கவாட்டில் ஒரு தாளை ஒட்டி, குழாய்களின் மேல் விரலால் தேய்த்து, விழுந்த மடிப்பின் மேலேயே வெட்டிவிடுகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். குழாய் உருண்டை. தாள் அதைத் தொடுவது அதன் வெளிமுதுகில். அங்கே விழும் கோடு குழாயின் நடுக்கோடு, உள்விளிம்பு இல்லை. என் பழைய எஃகு சைக்கிளில் பாரின் விட்டம் 25.4 மில்லிமீட்டர், கீழ்க்குழாயின் விட்டம் 28.6. ஆகவே மேலே பதின்மூன்று, கீழே பதினான்கு மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டியிருந்தேன். ஏறக்குறைய இரண்டே முக்கால் சென்டிமீட்டர் உயரம் மிகுதியான பை எந்த வாரைப் போட்டு இழுத்தாலும் உள்ளே போகாது. கைபேசியில் படமெடுத்து அதிலிருந்து அளவு எடுக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். கேமரா நிற்கும் கோணத்தைப் பொறுத்துக் கோடுகள் சாயும். அதை நம்பித் துணியை வெட்ட வேண்டாம்.

சரியான வழி கொஞ்சம் பொறுமை கேட்கும். பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போடும் பழுப்புத் தாளில் முதலில் குத்துமதிப்பாக வடிவத்தை எடுங்கள். அதை ஒரு பெட்டி அட்டைக்கு மாற்றி, எல்லாப் பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வெட்டுங்கள். இப்போது அந்த அட்டையைக் குழாய்களின் மேல் வைக்காமல் குழாய்களுக்கு நடுவே இறக்குங்கள். இடிக்கும் இடத்தில் பிளேடால் சீவுங்கள். இடைவெளி விழுந்த இடத்தில் அட்டைத் துண்டை ஒட்டுங்கள். கையை விட்டாலும் அட்டை விழாமல் முக்கோணத்துக்குள் தானாக நிற்க வேண்டும். அந்த நிலை வந்தபின் சுற்றிலும் ஐந்து மில்லிமீட்டர் குறைத்துவிடுங்கள். துணியின் தடிமன், உள்ளே வைக்கும் ஃபோம், வெளியே சுற்றும் வெல்க்ரோ மூன்றும் அந்த இடத்தைத்தான் கேட்கும். கூர்மையான மூலைகளை ஒரு டீ கிளாஸின் விளிம்பை வைத்து வளைத்துவிடுங்கள். கூர்மூலையைத் தைப்பது கடினம், தைத்தாலும் அதற்குள் எதுவும் போய் உட்காராது.

அட்டை நிற்கும்போதே குறிக்க வேண்டியவை சில. பாட்டில் கூட்டின் போல்ட்டுகள், கேபிள் ஓடும் வழி, முன்பக்கக் கியர் மாற்றியின் பட்டி, பம்பு மாட்டும் கொக்கி. பாட்டில் கூட்டுக்கான இரண்டு துளைகளும் 64 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும், எம்5 போல்ட் ஏறும். முழுப்பை தைப்பவர்கள் அந்தத் துளைகளிலேயே பையைப் போல்ட் போட்டு இறுக்கிவிடலாம். கீழ்க்குழாயில் வார் வேண்டியதில்லை. அட்டையின் எந்த முகம் செயின் பக்கம் என்பதையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். முக்கோணம் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் தெரியும். துணி வெட்டியபின் இரண்டும் இடப்பக்கத் துணியாக இருப்பதைக் காணும் வருத்தம் பெரியது.

பாட்டில்களைக் கூட்டில் வைத்துவிட்டு, அட்டையும் உள்ளே நிற்க, பாட்டிலை உருவிப் பாருங்கள். பாட்டில் நேராக மேலே வராது, முதலில் சாயும். சாயும்போது அட்டையைத் தொட்டால் அங்கே குறையுங்கள். உங்கள் முதல் பை பாட்டிலை இடித்ததாகச் சொன்னீர்கள். இந்த ஒரு சோதனை அதற்காகத்தான். பக்கவாட்டில் திறக்கும் பாட்டில் கூடு கிடைத்தால் இன்னும் இரண்டு விரல் ஆழம் பைக்குக் கிடைக்கும்.

முழங்கால் உரசலுக்கு வேறொரு சோதனை உண்டு. அட்டையின் வடிவத்தில் தெர்மாகோலை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு சென்டிமீட்டர் தடிமனுக்கு ஒட்டி, டேப்பால் ஃபிரேமுக்குள் கட்டுங்கள். அதன் பக்கங்களில் சாக்பீஸைத் தாராளமாகத் தேய்த்துவிட்டு ஒரு கிலோமீட்டர் ஓட்டுங்கள், கொஞ்ச தூரம் சீட்டை விட்டு எழுந்து நின்றும் மிதியுங்கள். காலில் சாக்பீஸ் ஒட்டியிருந்தால் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பின்பக்கம், தொடையின் உட்புறத்தில்தான் ஒட்டும். அதனால்தான் பையைப் பின்னால் நாலரை, முன்னால் ஆறு சென்டிமீட்டர் என்று அகலத்தைக் குறைத்துக்கொண்டே வரச் சொல்கிறேன். கடைப்பைகள் பல சீரான அகலத்தில் வருகின்றன, அல்லது உள்ளே பொருள் வைத்ததும் வயிறு தள்ளிவிடுகின்றன. முழுப்பையானால் அடிமூலையையும் கவனியுங்கள். பெடல் அச்சு ஓடும் கூடு பெரும்பாலான சைக்கிள்களில் 68 மில்லிமீட்டர் அகலம். அந்த அகலத்துக்குள் பை அடங்கினால்தான் பெடலைத் தாங்கும் கிராங்க் தண்டு தொடாமல் சுற்றும்.

துணிக்கு வருவோம். வெளிநாட்டுப் பைகளில் இரண்டு வகை அதிகம் பயன்படுகிறது. ஒன்று கார்டுரா நைலான், 500 அல்லது 1000 டெனியர். ஓர் இழையின் 9,000 மீட்டர் நீளம் எத்தனை கிராம் எடை என்பதே டெனியர். 1000 டெனியர் என்றால் ஒன்பது கிலோமீட்டர் இழை ஒரு கிலோ. ஃபிரேம் பைக்கு 500 தாராளம். மற்றொன்று எக்ஸ்-பேக் என்ற அடுக்குத் துணி. பாய்மரத் துணி தயாரிப்பவர்களிடமிருந்து வந்தது. நைலானுக்குப் பின்னால் மெல்லிய பாலியஸ்டர் படலமும் குறுக்கு இழைகளும் ஒட்டப்பட்டிருக்கும். இரண்டும் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் கவலை இல்லை. பள்ளிப் பை தைப்பதற்கு என்று கேட்டால் சென்னை பாரிமுனைப் பக்கத்துத் தெருக்களிலும் எந்தப் பெரிய ஊரின் கடைவீதியிலும் உட்புறம் பூச்சுப் பூசிய பாலியஸ்டர் துணி மீட்டர் கணக்கில் கிடைக்கும். அரைப்பைக்கு அரை மீட்டர் போதும். என் மூன்றாவது பை அந்தத் துணியில் தைத்ததுதான், ஐந்து ஆண்டுகளாக ஓடுகிறது. ரெக்ஸினை மட்டும் வாங்காதீர்கள். எடை அதிகம், வெயிலில் வெடிக்கும், ஊசி குத்திய வரிசையிலேயே கிழியும். மெழுகு ஏற்றிய பருத்திக் கேன்வாஸ் கண்ணுக்கு அழகு. பருத்தி நனைந்தால் உப்பி ஊசித்துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும் என்ற நல்ல குணமும் அதற்கு உண்டு. ஆனால் சித்திரை வெயிலில் நிறுத்தி வைத்தால் மெழுகு இளகிக் கையில் பிசுபிசுக்கும்.

துணியை வெட்டுவதற்கு முன் ஒரு துண்டைக் கையில் எடுங்கள். பாவு, அதாவது துணியின் நீளவாட்டு இழை, அதன் நேராக இழுத்துப் பாருங்கள், கொடுக்காது. குறுக்கே ஓடும் ஊடை நேராக இழுங்கள், அப்போதும் கொடுக்காது. மூலைவாட்டில் இழுங்கள், நீளும். தையல்காரர்கள் இதைக் கிராஸ் என்பார்கள். சதுரமான பையில் எல்லா ஓரங்களையும் நேர் இழையில் வெட்டிவிடலாம். முக்கோணத்தில் மூன்று ஓரங்களும் நேர் இழையில் விழ வழியே இல்லை. ஒன்றாவது கிராஸில் போகும். அந்த ஓரம்தான் தைக்கும்போது நெளியும், பொருள் வைத்ததும் தொங்கும், ஆறே மாதத்தில் பையின் அடி வயிறு போல் இறங்கும். எக்ஸ்-பேக் துணியின் குறுக்கு இழைகள் இருப்பது இந்த இழுப்பைத் தடுக்கத்தான். சாதாரணத் துணியில் அந்த வேலையை நாமே செய்ய வேண்டும். பாவு பாருக்கு இணையாக ஓடும்படி அட்டையை வைத்து வெட்டுங்கள். கீழ்க்குழாய்ப் பக்கம் கிராஸில் வரும். வேறெதையும் தைப்பதற்கு முன் அந்த ஓரத்தில் மட்டும் இரண்டு சென்டிமீட்டர் அகல நாடாவை ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். நாடா நீளாது, அதனால் துணியும் நீளாது. பை வடிவம் மாறாமல் பல ஆண்டுகள் நிற்பதற்கு இந்த ஐந்து நிமிட வேலைதான் காரணம்.

தையலுக்கான ஓரம் ஒரு சென்டிமீட்டர் விடுங்கள். அட்டையைச் சுற்றிக் கோடு போட்டபின் அதற்கு வெளியே ஒரு சென்டிமீட்டரில் இன்னொரு கோடு. உள்கோட்டில் தையல், வெளிக்கோட்டில் கத்தரி. உள்துணிக்கு மஞ்சளோ ஆரஞ்சோ வாங்குங்கள். கறுப்பு உள்துணிக்குள் கறுப்பு டயர் லீவரைச் சாலையோரத்தில் இருட்டில் தேடிய அனுபவம் எனக்குப் போதும்.

நூலில் நம் நாட்டுக்கு ஏற்றது பாலியஸ்டர். நைலான் நூல் பலமானதுதான், ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிரை பாலியஸ்டர் அளவுக்குத் தாங்காது. நூல் கண்டில் டிக்கெட் எண் இருக்கும். எண் கூடினால் நூல் மெலிந்தது. சட்டை தைக்கும் நூல் 120. பைக்கு 60 வேண்டும், 40 கிடைத்தால் இன்னும் பலம், ஆனால் வீட்டு மிஷின் 40-இல் திணறலாம். 60-க்கு 16 எண் ஊசி, 40-க்கு 18. புதிய ஊசியைப் போட்டுத் தொடங்குங்கள். தையலின் நீளத்தை மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வையுங்கள். நெருக்கமான தையல் உறுதி என்று தோன்றும். பூச்சுப் பூசிய துணியில் அது தபால்தலைத் துளைபோல் கிழிவதற்கு வழி செய்துவிடும். குண்டூசியும் வேண்டாம், அது குத்திய துளை மூடாது. துணி காயப்போடும் சிறிய கிளிப்புகள் போதும்.

ஜிப்பைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஃபிரேம் பையில் முதலில் சாவது ஜிப்தான், அதைக் கொல்வது பெரும்பாலும் வளைவு. ஜிப் நேராக ஓட வேண்டும், மூலையைச் சுற்றக்கூடாது. பற்கள் பிளாஸ்டிக் சுருளாக உள்ள வகையில் 8-ஆம் எண்ணை வாங்குங்கள். 5 சிறிய பைக்குப் போதும், ஆனால் கைநிறையத் திணிப்பவர்களுக்கு ஆகாது. மீட்டரில் வெட்டி வாங்கி ரன்னரைத் தனியாகக் கோத்துக்கொள்வதே நல்லது. பின்னாளில் ரன்னர் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஜிப்பைப் பாரிலிருந்து மூன்று சென்டிமீட்டர் கீழே வைத்து, மேல் துணியிலிருந்து ஒரு விரல் அகல மடிப்பு அதன்மேல் கூரைபோல் விழும்படி செய்யுங்கள். முன்பக்கம் இழுத்தால் மூடும்படி நான் வைக்கிறேன். ஓட்டும்போது கையைப் பின்னால் இழுத்தால் திறக்கும். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்குச் செயின் பக்கம் ஜிப், இடப்பக்கம் கைபேசியும் பணமும் வைக்க ஒரு தட்டையான உறை. இது உங்கள் விருப்பம்.

தைக்கும் வரிசை முக்கியம். பக்கத் துணி இரண்டு, அவற்றைச் சுற்றி இணைக்கும் நீளமான சுற்றுப்பட்டை ஒன்று, இவ்வளவுதான் பை. தட்டையாக இருக்கும்போது செய்யக்கூடிய எல்லாவற்றையும் முதலில் முடித்துவிடுங்கள். வலத் துணியில் ஜிப், இடத் துணியில் உறை, சுற்றுப்பட்டையில் வார்கள். வார்களின் இடத்தை அட்டையைப் பார்த்து முடிவு செய்யாமல், சுற்றுப்பட்டையை ஃபிரேமுக்குள்ளேயே பிடித்துச் சாக்பீஸால் குறியுங்கள். கேபிளைக் கடிக்கும் இடத்தில் வார் வந்தால் கியர் மாறாது. பிறகு சுற்றுப்பட்டையை இடத் துணியோடு சேருங்கள். கடைசியாக வலத் துணி. அதைச் சேர்ப்பதற்கு முன் ஜிப்பைத் திறந்து வையுங்கள். பையை உட்புறம் வெளியே தெரியத்தான் தைக்கிறோம். ஜிப் மூடியிருந்தால் திருப்ப வழியில்லாமல் தையலைப் பிரிக்க வேண்டியதுதான்.

சுற்றுப்பட்டையை மூலையில் வளைக்கும் இடத்தில்தான் எல்லோரும் நிற்கிறார்கள். நானும் அங்கேதான் நின்றேன். எங்கள் தெரு முனையில் பள்ளிப் பைகளுக்கு ஜிப் மாற்றித் தரும் ஒரு பெரியவரிடம் என் சுருங்கிய மூலையைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "தம்பி, துணியை நீ இழுத்திருக்கிறாய். அதை இழுக்கத்தான் மிஷினில் ஊசிக்குக் கீழே பல் இருக்கிறது" என்றார். பிறகு ஒரு புதிய துண்டை எடுத்து, மூலையில் வரப்போகும் நீளத்தை மட்டும் கட்டைவிரல் நகத்தால் கீறினார். அந்தக் கீறலுக்குள் பட்டையின் ஓரத்தில் அரை அரை விரல் இடைவெளியில் ஆறு வெட்டு வெட்டினார். ஒவ்வொரு வெட்டும் தையல் கோட்டுக்குக் கொஞ்சம் முன்பாகவே நின்றது. மிஷினில் வைத்ததும் அந்த வெட்டுகள் விசிறிபோல் விரிந்தன, பட்டை வளைவோடு வழுக்கிக்கொண்டு திரும்பியது. மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையாலேயே சுற்றினார். ஒரு தையல், கொஞ்சம் திருப்பல், இன்னொரு தையல். ஊசி துணிக்குள் இறங்கியிருக்கும்போதுதான் துணியை அழுத்தும் மிஷின் பாதத்தைத் தூக்கினார். "தடிமனான இடத்தில் காலை நம்பாதே, கையை நம்பு" என்றார். அன்றிலிருந்து மூலைகளை நான் கையால் சுற்றியே தைக்கிறேன். உங்கள் அம்மாவின் மிஷினும் நாலைந்து மடிப்புத் துணியை இப்படித் தாண்டிவிடும். ஒரு சென்டிமீட்டர் ஓரத்தில் வெட்டு ஏழு மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டாம்.

பட்டையின் நீளத்தை வெட்டுக் கோட்டில் அளக்காதீர்கள், தையல் கோட்டில் அளந்து நான்கு சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். பக்கத் துணிகளிலும் பட்டையிலும் நேருக்கு நேர் வரவேண்டிய இடங்களில் சிறிய அடையாள வெட்டு வையுங்கள். முதல் பக்கம் சரியாக வந்து இரண்டாம் பக்கம் ஒரு விரல் முறுக்கிக்கொண்டால் பை ஃபிரேமுக்குள் கோணலாக நிற்கும். அடையாள வெட்டு அதைத் தடுக்கும். சேர்த்து முடித்தபின் உள் ஓரங்களை நாடாவால் மூடித் தைத்துவிடுங்கள். இழை பிரியாது, அதுவே இரண்டாவது தையலாகவும் ஆகும். பையின் விறைப்புக்காகச் சுற்றுப்பட்டைக்குள் மூன்று மில்லிமீட்டர் ஃபோம் வைக்கலாம். பக்கத் துணிக்குள் வைக்க வேண்டாம், அகலம் கூடிவிடும்.

வார்களுக்கு இரண்டரை சென்டிமீட்டர் வெல்க்ரோ. பாரில் மூன்று, சீட் குழாயில் ஒன்று, முன்பக்கம் ஒன்று. முள் பக்கம் வெளியே தெரிந்தால் கால்சட்டையின் நூலை இழுக்கும், ஆகவே மிச்ச வாலை அளவாக வெட்டிவிடுங்கள். வெல்க்ரோவுக்குக் கீழே புகும் மணல்தான் பெயின்ட்டை உரிப்பது. வார் படும் இடங்களைக் கழுவித் துடைத்து, கைபேசிக்கு ஒட்டுவது போன்ற கெட்டியான ஒளிபுகும் படலத்தை ஒட்டுங்கள். பழைய டியூபின் துண்டும் போதும், ஆனால் அதற்கடியிலும் மணல் சேரும், மாதம் ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டும். கார்பன் ஃபிரேம் வைத்திருப்பவர்கள் இதை விடவே கூடாது. பாருக்கு வெல்க்ரோவே வேண்டாம் என்றால், பையின் மேல் ஓரத்தில் வரிசையாக நாடா வளையங்களைத் தைத்து, மெல்லிய கயிற்றை ஷூ லேஸ் போலப் பாரைச் சுற்றிக் கோத்துவிடலாம். கேபிள் எங்கே ஓடினாலும் கயிறு விலகிப் போகும். பார்க்கவும் அழகாக இருக்கும். கழற்றிப் போட மட்டும் நேரமாகும்.

மழையைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். துணி நீரைத் தடுக்கும், தையல் தடுக்காது. ஒரு மீட்டர் தையலில் ஏறக்குறைய 300 ஊசித்துளைகள் விழுகின்றன. அரைப்பையின் இரண்டு பக்கச் சுற்றும் சேர்ந்து இரண்டு மீட்டருக்கு மேல். அறுநூறு துளையுள்ள பாத்திரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். துணியின் உட்பூச்சு பாலியூரிதேனாக இருந்தால் அதே வகைத் தையல் பசையை உள்பக்கத் தையல்கள் மேல் விரலால் தடவி ஒரு நாள் காயவிடுங்கள். சாரலுக்கும் ஒரு மணி நேர மழைக்கும் அது தாங்கும். ஐப்பசி அடைமழையில் நாலு மணி நேரம் ஓட்டினால் எந்த வீட்டுத் தையலும் தாங்காது. நீர் மேலிருந்து மட்டும் வருவதில்லை, முன்சக்கரம் வாரி இறைப்பது கீழ்க்குழாய் வழியாக அடியிலிருந்து வரும். மட்கார்ட் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பையின் மிகத் தாழ்ந்த மூலையில் துளை போட்டு, ஷூவில் லேஸ் கோக்கும் துளைக்கு இருப்பது போன்ற ஒரு சிறிய உலோகக் கண்ணைப் பொருத்திவிடுங்கள். உள்ளே வந்த நீர் வெளியேறட்டும். கைபேசியும் பவர் பேங்க்கும் தனி பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கட்டும்.

பொருள் வைப்பதில் ஒன்றே ஒன்று: கனமானது கீழே, தட்டையானது பக்கங்களில், உருண்டையானது எதுவும் வேண்டாம். ஆரஞ்சுப் பழம் ஒன்றைத் திணித்தால் போதும், தெர்மாகோல் வைத்து நாம் பாடுபட்டுக் கண்டுபிடித்த அகலம் போய்விடும்.

முதல் நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் பையைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பக்கவாட்டில் பளபளப்பாகத் தேய்ந்த இடம் உங்கள் கால் தொட்ட இடம். அடியில் கறுப்பாகக் கோடு விழுந்திருந்தால் பாட்டிலின் கழுத்து அங்கே உரசுகிறது. வார் ஒருபக்கமாக இழுத்துச் சுருங்கியிருந்தால் அதன் இடம் ஒரு விரல் தவறு. இவை எல்லாவற்றையும் அன்றே அந்த அட்டையில் பேனாவால் எழுதி, அட்டையில் ஒரு துளை போட்டு ஆணியில் மாட்டி வையுங்கள். அடுத்த பையை அதிலிருந்துதான் வெட்டப்போகிறீர்கள்.